சாலையை அகலப்படுத்தும்போது ஓரத்துப் புளியமரத்தையும் கணக்கில் எழுதுங்கள்

7 மீட்டர் சாலையை 10 மீட்டராக்க மதிப்பீடு போடும் பொறியாளர்கள், மிச்சமாகும் நேரத்தையும் டீசலையும் பைசா பிசகாமல் வரவில் எழுதிவிடுகிறார்கள். தார் விளிம்பு இருபுறமும் ஒன்றரை மீட்டர் நகர்ந்து, 3 மீட்டர் தள்ளி நின்ற புளியமரம் பாதித் தூரத்துக்கு வந்துவிட்டதைச் செலவில் எழுதுவதில்லை. வேகம் கூடுவதால்தான் அந்த வரவே வருகிறது; அதே வேகத்தில்தான் மரத்திலும் மோதுவார்கள்.

முதலில் சாலையோரமாக நடந்து போங்கள். ஜீப்பில் போனால் சிறுபாலக் கைப்பிடிச்சுவரின் முனை கண்ணில் படாது. மரம், கம்பம், செங்குத்தான சரிவு ஒவ்வொன்றும் தார் விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம், வளைவின் வெளிப்புறமா என்று டேப் பிடித்துக் குறியுங்கள். சுவரில் அப்பியிருக்கும் பெயிண்டும் பெயர்ந்த பூச்சும், போலீஸுக்குப் போகாத மோதல்களைக் காட்டிக்கொடுக்கும். பிறகு காவல் நிலையத்தில் கடைசி 3 ஆண்டு விபத்துப் பதிவுகளைப் பாருங்கள்.

பரிகாரத்துக்கு வரிசை உண்டு: அகற்றுவது, தள்ளி வைப்பது, மோதினால் ஒடியும்படி செய்வது, கடைசியில்தான் இரும்புத் தடுப்பு. நம்மவர்கள் கடைசியிலிருந்தே தொடங்குகிறார்கள். தடுப்பும் ஒரு தடைதான். அது சாலைக்கு நெருக்கமாக, நீளமாக நிற்பதால் மோதல்கள் கூடும், காயத்தின் கடுமை குறையும். பைக்கில் விழுபவருக்கோ அதன் கால்களும் ஆபத்துதான். (மரத்தை வெட்டச் சொல்கிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். ஒரு பக்கமாகவே அகலப்படுத்தினால் மறுபக்க வரிசை தப்பும்.)

இனி கணக்கு. எண்கள் உதாரணத்துக்குத்தான். ஒரு சிறுபாலச் சுவரால் ஆண்டுக்கு 4 லட்சம் ரூபாய் இழப்பு என்று வையுங்கள். பாலத்தை நீட்டிச் சுவரைத் தள்ளி வைக்கச் செலவு 12 லட்சம், தவிர்க்கும் இழப்பு ஆண்டுக்கு 3 லட்சம். தடுப்புக்கு 3 லட்சம். ஒன்றரை லட்சம் இழப்பைத் தவிர்க்கும், ஆனால் நசுங்கிய தகடு மாற்ற ஆண்டுக்கு அரை லட்சம் போகும். 12 சதவீதக் கழிவு வீதத்தில் (வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் வீதம்) 20 ஆண்டுக்கு ஆண்டுப் பலனை 7.47ஆல் பெருக்க வேண்டும். நீட்டிப்புக்கு 22.4 லட்சம் பலன்; அதைச் செலவால் வகுத்தால் விகிதம் 1.9. தடுப்புக்கு 7.5 லட்சம், விகிதம் 2.5.

விகிதம் பெரிது என்று தடுப்பைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். கூடுதலாகப் போடும் 9 லட்சம் கூடுதலாக என்ன தருகிறது என்பதே கேள்வி. 14.9 லட்சம் தருகிறது. ஒன்றுக்கு மேல், 1.66. நீட்டிப்பே சரி.

கையெழுத்துப் போடுமுன் விபத்து எண்ணிக்கையைப் பாதியாக்கி (தகடு மாற்றும் செலவும் பாதியாகும்) மறுபடி போட்டுப் பாருங்கள். இந்த உதாரணத்தில் நீட்டிப்பின் விகிதம் ஒன்றுக்குக் கீழே இறங்கிவிடும், தடுப்பு 1.2இல் நிற்கும். முடிவு இப்படிப் புரண்டால், இன்னும் 2 ஆண்டுப் பதிவேடுகளைக் கேட்டு வாங்குங்கள். பாலத்தருகே டீக்கடை இருந்தால் அங்கேயும் விசாரியுங்கள்.