இலைப்பேன் இனம் பிரிப்பதில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

பெங்களூருவில் ஹெப்பாள் பக்கம் பூச்சியியல் படிக்க வரும் நம் பிள்ளைகள் இலைப்பேன் (ஆங்கிலத்தில் த்ரிப்ஸ், பயிரின் சாற்றை உறிஞ்சும் நுண்பூச்சி) ஸ்லைடுகளைத் தூக்கிக்கொண்டு சந்தேகம் கேட்க வருகிறார்கள். நாங்கள் படித்த காலத்தில் செய்த தவறுகளையே ஒன்று விடாமல் செய்கிறார்கள். குப்பியில் லேபிள் போடாதது, ஊர்ப்பெயரை மாற்றி எழுதியது எல்லாம் இங்கே வேண்டாம். ஒருமுறை திட்டு வாங்கினால் அது சரியாகிவிடும்.

கறுப்பாக இருந்தால் பார்விஸ்பைனஸ்

இதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருவது. த்ரிப்ஸ் பார்விஸ்பைனஸ் என்ற இலைப்பேன் இனம் இந்தியாவில் முதலில் பதிவானதே நம் பெங்களூருவில்தான், பப்பாளியில், 2015-இல். 2021-இல் ஆந்திரா, தெலங்கானா மிளகாய் வயல்களை அது சூறையாடியது. அதற்கப்புறம் மிளகாய்ப் பூவை வெள்ளைத்தாளில் தட்டினால் விழுகிற கரும்பழுப்புப் பூச்சிக்கெல்லாம் இந்த ஒரே பெயர்தான்.

சிக்கபள்ளாப்பூர் பக்கம் குத்தகைக்கு மிளகாய் போட்டிருந்த கிருஷ்ணகிரிக்காரர் ஒருவர், ஓரத்தில் செண்டுமல்லியும் வைத்திருந்தார், பூவுக்குள் பூச்சி என்று போனில் போட்டோ அனுப்ப, ஒரு மாணவர் ஸ்லைடு போடாமலேயே “பார்விஸ்பைனஸ்தான் அண்ணா, உடனே மருந்தடிங்க” என்று சொல்லிவிட்டார். அவரும் கடன் வாங்கி அடித்தார். பிறகு அந்த வயல் பூச்சியை ஸ்லைடில் பார்த்தால் பெரும்பாலும் த்ரிப்ஸ் ஹவாயியென்சிஸ், கூடவே ஃபிராங்க்லினியெல்லா ஷுல்ட்சேயின் கறுப்பு வகை. பூவுக்குள் இலைப்பேனைத் தின்றுகொண்டிருந்த ஓரியஸ் பூச்சிகளும் மருந்தோடு போய்ச் சேர்ந்ததுதான் மிச்சம். தெரியவில்லை, ஸ்லைடு போட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல என்ன கஷ்டமோ!

ஒரு மில்லிமீட்டர் பூச்சியின் நிறத்தில் ஒன்றும் இல்லை. முதலில் பேரினத்தைப் பாருங்கள். தலை உச்சியில் மூன்று சிறு ஒற்றைக்கண்கள் இருக்கும், அதில் முன் கண்ணுக்கு முன்னாலேயே ஒரு ஜோடி முடி இருந்தால் ஃபிராங்க்லினியெல்லா. த்ரிப்ஸ் பேரினத்தில் அந்த ஜோடி கிடையாது. அதில் சந்தேகம் வந்தால் வயிற்றின் எட்டாம் கண்டத்துக்குப் போங்கள். டெனிடியம் என்ற நுண்முள் வரிசை சுவாசத்துளைக்கு முன்னால் இருந்தால் ஃபிராங்க்லினியெல்லா, பின்னால் இருந்தால் த்ரிப்ஸ்.

த்ரிப்ஸ் பேரினம் என்று முடிவானால் முன்னிறகின் முதல் நரம்பைப் பாருங்கள். பார்விஸ்பைனஸில் முடி வரிசை இடைவெளி இல்லாமல் ஓடும். ஹவாயியென்சிஸில் நடுவே இடைவெளி விட்டு, நுனிப்பக்கம் மூன்று முடி மட்டும் நிற்கும். எட்டாம் முதுகுத் தகட்டின் பின்விளிம்பில் ஹவாயியென்சிஸுக்கு முழுச் சீப்பு (சீப்புப் பல் போன்ற நுண்முடி வரிசை) உண்டு, பார்விஸ்பைனஸுக்கு இல்லை. ஆனால் வயிறு சுருங்கி ஒரு கண்டம் இன்னொன்றுக்குள் நுழைந்திருந்தால் சீப்பு மறைந்துபோகும். விளிம்பு தெளிவாகத் தெரியாமல் “சீப்பு இல்லை” என்று எழுதாதீர்கள். அடிவயிற்றுத் தகடுகளின் நடுவில் முடி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துப் பயனில்லை, இரண்டுக்குமே உண்டு. ஏழாம் தகட்டைத்தான் பார்க்க வேண்டும்: அதிலும் இருந்தால் ஹவாயியென்சிஸ், இல்லையென்றால் பார்விஸ்பைனஸ். உணர்கொம்பின் கண்டங்களை எண்ணுவதும் வீண், ஹவாயியென்சிஸில் ஏழும் வரும், எட்டும் வரும்.

மஞ்சளாக இருந்தால் பால்மி

இதுவும் அதே நோய்தான். மூன்று ஒற்றைக்கண்களும் முக்கோணமாக இருக்குமே, அதன் கோட்டைத் தொட்டோ, சற்று வெளியிலோ ஒற்றைக்கண் முடிகளின் மூன்றாம் ஜோடி இருந்தால் த்ரிப்ஸ் பால்மி. முக்கோணத்துக்குள், முன்கண்ணுக்குச் சற்றுப் பின்னால் இருந்தால் த்ரிப்ஸ் ஃபிளேவஸ். பின்மார்பின் வரிகள் பின்னால் போகப் போக ஒன்றுகூடினால் பால்மி. வெங்காயத்தில் வரும் த்ரிப்ஸ் டபாசியும் மஞ்சளாக வரும், குளிர்காலத்தில் கறுத்தும் போகும். அதன் ஒற்றைக்கண் நிறமி சாம்பல், பால்மிக்குச் சிவப்பு. ஆனால் இதைப் பூச்சி புதிதாக இருக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள், வெளுக்க சோடியம் ஹைட்ராக்சைடில் போட்டபின் தேடாதீர்கள். ஸ்லைடில் இரண்டாம் முதுகுத் தகட்டின் பக்க விளிம்பு முடியை எண்ணுங்கள்: பால்மிக்கு நான்கு, டபாசிக்கு மூன்று.

இதெல்லாம் வெறும் பெயர்ச் சண்டை இல்லை. நிலக்கடலை மொட்டுக் கருகல் வைரஸைப் பரப்புவது ஷுல்ட்சே என்றுதான் இங்கே முதலில் நினைத்தார்கள், அது பால்மி என்பது பிறகுதான் உறுதியானது.

இளம்புழுவைக் கொடுத்து இனம் கேட்பது

கேட்காதீர்கள். முதிர்ந்த பெண் பூச்சி கொண்டு வாருங்கள்.

வெளுக்காத பூச்சி

உள்ளே குடல் கறுப்பாகத் தெரிகிறதென்றால் அது ஸ்லைடே இல்லை. 5 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடில் போட்டு வெளுத்தபின் மவுண்ட் செய்யுங்கள்.

ஒரே ஒரு பூச்சி, ஒரே ஒரு இறகு

முன்னிறகின் முதல் நரம்பில் நுனிப்பக்க முடி பால்மியில் பெரும்பாலும் மூன்று, சிலதில் இரண்டு. டபாசியில் வழக்கமாக நான்கு, ஆனால் இரண்டிலிருந்து ஆறு வரை போகும். இடது இறகும் வலது இறகும் ஒத்துவராத பூச்சிகளும் உண்டு. ஒரே பூவில் மூன்று இனம் இருக்கும்போது ஒன்றை எடுத்து வயல் முழுக்கத் தீர்ப்பு எழுதுவது என்ன கணக்கு?

ஆல்கஹால்

ஸ்லைடுக்கு 60 சதவீதம், டி.என்.ஏ.வுக்கு 95. கடுமையான ஆல்கஹாலில் பூச்சி விறைத்துவிடும், கால் இறகு எதையும் விரிக்க முடியாது, உடைந்துதான் வரும். வயலிலேயே இரண்டு குப்பிகளாகப் பிரித்துப் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.