பல்கலைக்கழகத்துக்குக் கேமிங் மடிக்கணினியா, மேசைக்கணினியா? மட்டக்களப்பு, அம்பாறை மாணவர்களுக்கான செய்முறை விளக்கம்

உயர்தரப் பெறுபேறும் வெட்டுப்புள்ளியும் வெளியாகிவிட்டால், எங்கள் பக்கத்து வீடுகளில் அடுத்ததாகப் பேசப்படுவது கணினியைப் பற்றித்தான். கல்லடியில் என் தங்கைக்குக் கணினி தேடியபோது, சில ஆண்டுகளுக்கு முன் எனக்காக வாங்கியதில் விட்ட பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டேன். அந்த ஒழுங்கிலேயே இதை எழுதுகிறேன். பல வீடுகளில் நகையை அடகு வைத்துத்தான் இந்தப் பணம் வருகிறது. ஆகவே கடைக்குப் போவதற்கு முன் முழுவதையும் வாசித்துவிடுங்கள்.

படி 1: கணினி எங்கே இருக்கப்போகிறது என்பதைத் தீர்மானியுங்கள்

வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ வீட்டிலிருந்து நாள்தோறும் போய்வரக்கூடியவர் என்றால், கேமிங்குக்கு மேசைக்கணினியே என் முதல் தெரிவு. மொறட்டுவை, பேராதனை, யாழ்ப்பாணம் என்று வெளியூர் கிடைத்தவர்களுக்கு மடிக்கணினியைத் தவிர வேறு வழியில்லை. விடுதியில் மேசைக்கணினி வைக்க அனுமதி உண்டா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். அனுமதி இருந்தாலும், அறை மாறும்போதெல்லாம் திரையையும் பெட்டியையும் தூக்கிச் செல்வது பெரும் பாடு. தண்டவாளம் மட்டக்களப்போடு முடிந்துவிடுவதால் கல்முனை, அக்கரைப்பற்றுப் பிள்ளைகள் கொழும்புக்கு இரவுப் பேருந்தில்தான் போகிறார்கள். கேமிங் மடிக்கணினியும் அதன் கனமான சார்ஜரும் சேர்ந்து மூன்று கிலோகிராமை எட்டிவிடும். அந்தப் பையை இரவு முழுவதும் மடியில் வைத்துக்கொண்டு போகும் நிலையையும் கணக்கில் எடுங்கள்.

படி 2: பாடநெறி என்ன கேட்கிறது என்று பாருங்கள்

கலை, வணிகம், விவசாயம் படிப்பவர்களுக்குப் படிப்பின் பொருட்டுக் கிராபிக்ஸ் அட்டை (திரைக்காட்சிகளை உருவாக்கும் தனிப் பாகம்) பெரும்பாலும் தேவைப்படாது. பொறியியலுக்கும் முப்பரிமாண வடிவமைப்புக்கும் அது உதவும். தகவல் தொழில்நுட்பத்துக்கு அட்டையைவிட 16 ஜீபி நினைவகமே (ராம்) முக்கியமானது.

படி 3: அட்டையின் பெயரைப் பார்த்து முடிவெடுக்காமல், வாட் அளவைக் கேளுங்கள்

நான் இடறியது இந்தப் படியில்தான். எனக்கும் என் நண்பனுக்கும் ஒரே பெயருடைய கிராபிக்ஸ் அட்டை கொண்ட மடிக்கணினிகள். என்னுடையது மெல்லியதும் அழகானதும், அவனுடையது தடித்தது. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஒரே காட்சியை இரண்டிலும் ஓடவிட்டபோது, அவனுடையது முடித்து நின்ற நேரத்தில் என்னுடையது பாதி வழியைத்தான் தாண்டியிருந்தது. ஏதோ பழுதென்று நினைத்து இரண்டு வாரங்கள் மென்பொருள்களை அழித்து அழித்து நிறுவினேன். உண்மையில் பழுது எதுவுமில்லை. என் கணினி அந்தக் கிராபிக்ஸ் சில்லுக்கு 60 வாட் மின்சாரமே கொடுக்கும்படி வடிவமைக்கப்பட்டிருந்தது. அவனுடையது 115 வாட் கொடுத்தது.

மடிக்கணினியில் கிராபிக்ஸ் சில்லின் பெயர் பாதித் தகவல் மட்டுமே. உதாரணமாக, என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 4070 என்ற மேசைக்கணினி அட்டையில் 5888 கருக்களும் (கணக்கிடும் சிறு அலகுகள்) 12 ஜீபி நினைவகமும் உள்ளன. அது 200 வாட் வரை எடுக்கும். அதே எண்ணைத் தாங்கிய மடிக்கணினிச் சில்லில் 4608 கருக்களும் 8 ஜீபி நினைவகமும்தான். மின்சாரமோ, மடிக்கணினியைப் பொறுத்து 35 முதல் 115 வாட் வரை எதுவாகவும் இருக்கலாம். மெல்லிய உடலுக்குள் வெப்பத்தை வெளியேற்ற இடமில்லாததே இதற்குக் காரணம்.

ஆகவே கடையில் இப்படிச் செய்யுங்கள். மடிக்கணினியின் அடிப்பக்கத்தில் ஒட்டியுள்ள முழு மாதிரி எண்ணைக் கைபேசியில் படமெடுத்து, தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் அந்த எண்ணுக்குரிய அதிகபட்சக் கிராபிக்ஸ் மின்சார அளவைத் தேடுங்கள். பெயர் ஒன்றாக இருந்து, எண்ணில் கடைசி எழுத்து மட்டும் வேறுபட்டாலும் அளவு மாறலாம். அடுத்து, சார்ஜரைச் செருகிய நிலையில் கணினியை இயக்கச் சொல்லி, என்விடியா கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்பர்மேஷன் பகுதியைத் திறந்து, அங்கே காட்டும் அளவை ஒப்பிடுங்கள். டைனமிக் பூஸ்ட் (தேவைப்படும்போது கிராபிக்ஸ் சில்லுக்கு மேலதிகமாகக் கொடுக்கும் மின்சாரம்) என்று தனியாகக் குறிப்பிட்டிருந்தால், விளம்பரத்திலுள்ள பெரிய எண்ணில் அதையும் சேர்த்துக் கூட்டியிருக்கிறார்களா என்று கவனியுங்கள். இதைப் பார்க்க அனுமதிக்காத கடையில் நான் வாங்கமாட்டேன்.

படி 4: மின்சாரம் நின்றால் என்ன நடக்கும் என்று கணக்கிடுங்கள்

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் 13 மணிநேர மின்வெட்டை அனுபவித்தவர்கள் நாங்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றதும் நினைவிருக்கும். மடிக்கணினியில் பற்றரி இருப்பதால் கவலையில்லை என்று பலர் சொல்கிறார்கள். எழுதவும் வாசிக்கவும் அது சரிதான். ஆனால் விளையாட்டின்போது கணினி 150 வாட் எடுப்பதாக வைத்தால், 60 வாட்-மணி பற்றரி 24 நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதைத் தவிர்க்கவே பெரும்பாலான கணினிகள் பற்றரியில் ஓடும்போது வேகத்தைக் குறைத்துவிடுகின்றன. மின்வெட்டில் விளையாடுவதற்காக மடிக்கணினி வாங்காதீர்கள்.

மேசைக்கணினி வாங்குபவர், மின்சாரம் நின்றாலும் சிறிது நேரம் தாங்கும் பற்றரிப் பெட்டியான யூபிஎஸ்ஸுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும். 650 விஏ (வோல்ட்-அம்பியர்) என்று எழுதியிருப்பது 650 வாட் அல்ல. அவ்வளவுள்ள சாதாரண யூபிஎஸ் பெரும்பாலும் 360 முதல் 390 வாட் வரைதான் தாங்கும். உள்ளே 12 வோல்ட், 7 அம்பியர்-மணி பற்றரி ஒன்று இருந்தால் மொத்தம் 84 வாட்-மணி. கணினியும் திரையும் 120 வாட் எடுத்தால் கணக்கின்படி 42 நிமிடம் ஓட வேண்டும். வேகமாக இறங்கும் பற்றரியும் மாற்றும்போது ஏற்படும் இழப்பும் சேர்ந்து, நடைமுறையில் அதில் பாதியளவே கிடைக்கிறது. ஒப்படையைச் சேமித்துவிட்டு முறையாக நிறுத்துவதற்கு அது போதும். ஒப்படையை இடையிடையே சேமிக்கும் பழக்கத்தையும் விடாதீர்கள்.

படி 5: கடற்காற்றைக் கவனியுங்கள்

எங்கள் வீடு கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கிறது. முன்பு வீட்டிலிருந்த பழைய மேசைக்கணினி ஒருநாள் விசிறி சுழன்றும் திரையில் எதுவும் காட்டாமல் நின்றுவிட்டது. மின்செருகியைக் கழற்றி, பக்கத் தகட்டைத் திறந்து, நினைவகத் தகட்டை வெளியே எடுத்தேன். அதன் பொன்னிறப் பற்களின் மேல் மங்கலான படலம் படிந்திருந்தது. பள்ளிக்கூடத்து அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, துகள்களைத் தூரிகையால் தட்டிவிட்டு மீண்டும் பொருத்தியதும் கணினி உயிர்பெற்றது. மேசைக்கணினியை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்: திறக்கலாம், துடைக்கலாம், பழுதான பாகத்தை மட்டும் மாற்றலாம். பல மடிக்கணினிகளில் நினைவகத்தைப் பலகையோடு சேர்த்தே ஒட்டிவிடுகிறார்கள். எதை வாங்கினாலும், கடலைப் பார்த்த யன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். இடிமின்னல் நேரத்தில் மின்செருகியோடு ரௌட்டரின் கம்பியையும் கழற்றிவிடுங்கள்.

பின்சேர்க்கை: இதன் முதல் வடிவத்தை வாசித்த அக்கரைப்பற்று மாணவர் ஒருவர், தன் புதிய மேசைக்கணினியின் பெட்டியைத் தொட்டால் விரல் நுனி கூசுகிறது என்று எழுதியிருந்தார். படத்தை அனுப்பச் சொன்னேன். நிலத்தொடுப்பு (எர்த்) இல்லாத பழைய இரண்டு துளைக் குதையில், மாற்றிச் செருகியின் உதவியோடு கணினியை இணைத்திருந்தார். மின்வழங்கியின் வடிகட்டியிலிருந்து கசியும் சிறிதளவு மின்சாரம் நிலத்துக்குப் போக வழியில்லாமல் பெட்டியில் நின்றதால் அந்தக் கூச்சம் ஏற்பட்டிருந்தது. பழைய வீடுகளில் இருப்பவர்கள், கணினி வருவதற்கு முன்பே மின்வேலை தெரிந்தவரை அழைத்து, நிலத்தொடுப்புள்ள மூன்று துளைக் குதையைப் பொருத்துங்கள். கூச்சம் இருக்கும்வரை கணினியைப் பயன்படுத்த வேண்டாம்.

படி 6: வாங்குங்கள்

தங்கை வீட்டிலிருந்தே வந்தாறுமூலைக்குப் போகிறாள். அவளுக்கு வீட்டில் மேசைக்கணினியையும், விரிவுரைக்குக் கொண்டுபோக அலுவலகத்தில் பாவித்துக் கழித்த இலேசான மடிக்கணினி ஒன்றையும் வாங்கினேன். ஒரே கேமிங் மடிக்கணினிக்குக் கேட்ட விலைக்குள் இரண்டும் அடங்கின. பாவித்த மடிக்கணினியில் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையாமல் பாருங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான இன்டெல் சில்லுகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை.

பற்றுச்சீட்டில் தொடர் எண்ணையும் உத்தரவாதக் காலத்தையும் எழுதுவித்து, பழுதானால் கணினியை மட்டக்களப்பிலேயே ஏற்பார்களா, கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா, அனுப்பும் செலவு யாருடையது என்ற மூன்றையும் பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள். பொதி வந்த அட்டைப்பெட்டியை எறிய வேண்டாம். கொழும்புக்கு அனுப்ப நேர்ந்தால் அதில்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.