காமாகுரா வாணவேடிக்கை: ஆறு தவறுகள்

போன ஜூலையில், ஜப்பானில் டோக்கியோ அருகே இருக்கும் காமாகுராவின் சைமோகுசா கடற்கரையில், வாணவேடிக்கை பார்க்க வந்த ஒரு இளம் தம்பதி. கடைசி வெடி முடிந்ததும் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தோடு காமாகுரா ஸ்டேஷன் பக்கம் நடந்தார்கள். பேச்சு தமிழாக இருந்ததால் கூப்பிட்டு நிறுத்தினேன். பத்து வருடம் முன்னால் என்னை யாரும் நிறுத்தவில்லை.

பாய், தண்ணீர், கொசுமருந்து பற்றி எல்லோரும் சொல்வார்கள். அதை விடுகிறேன்.

சனிக்கிழமை என்று நினைப்பது

பெரும்பாலும் வார நாளில்தான் நடக்கும். லீவு போடுங்கள்.

புத்தரை மாலைக்கு ஒத்திப்போடுவது

காலையில் எனோஷிமா தீவு. அங்கே இருக்கும் பென்சாய்தென் வேறு யாருமில்லை, நம் சரஸ்வதிதான்; வீணைக்குப் பதில் கையில் பிவா. அவளைப் பார்த்த கையோடு பின்பக்கக் குகைக்கும் இறங்கினால், அத்தனை படியையும் வெயிலில் ஏறித் திரும்ப வேண்டும். அதற்குள் பிற்பகல் போய்விடும். காமாகுராவின் ஹசே பகுதியில் பெரிய புத்தர் இருக்கும் கோதோகு-இன் கோயிலைக் கோடையில் மாலை ஐந்தரைக்கு மூடிவிடுவார்கள். 11 மீட்டர் உயர வெண்கலப் புத்தரை வாசலோடு கும்பிட்டுத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

பருந்து

கையில் பர்கரோடு கடலை ரசிக்காதீர்கள். முதுகுப்பக்கமாக வந்து பிடுங்கும்.

பின்வரிசை

இங்கே பார்க்க வேண்டியது நீர்வெடிகள். ஓடும் படகிலிருந்து ஒவ்வொன்றாகக் கடலில் போட்டுக்கொண்டே போவார்கள். அலைமேல் அரைவட்ட விசிறியாக விரியும். நீர்மட்டம் தெரியாத இடத்தில் உட்கார்ந்தால் விசிறியின் அடிப்பாதி முழுக்க முன்னால் இருப்பவர் தலைதான்.

குடை

வேண்டாம்.

குறுக்கு வழி

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. முதல் வருடம் காமாகுரா ஸ்டேஷன் வாசலில் வரிசை வளைந்து வளைந்து நின்றது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஆட்களை உள்ளே விட்டார்கள். நான் பெரிய புத்திசாலி மாதிரி, "வாங்க, ஹசே போய் எனோடென் பிடிச்சு ஃபுஜிசாவா போயிடலாம்" என்று மனைவியையும் இரண்டு நண்பர்களையும் இழுத்துக்கொண்டு போனேன். காலையில் அதே ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து கடலைப் படம் பிடித்த தைரியம்.

எனோடென் காமாகுராவையும் ஃபுஜிசாவாவையும் இணைக்கும், 1902-இல் ஓடத் தொடங்கிய ரயில். மொத்தமே 10 கிலோமீட்டர், ஒற்றைத் தண்டவாளம், அதிகம் போனால் நான்கு பெட்டி. விலகும் இடத்தில் எதிர்வண்டி வந்து கடந்தால்தான் இந்த வண்டி நகரும். கூட்டம் சேர்ந்துவிட்டதே என்று இஷ்டத்துக்குக் கூடுதல் வண்டி விட முடியாது. ரயிலைச் சொல்லிக் குற்றமில்லை. இந்தக் கணக்கெல்லாம் ஹசேயில் இரண்டு மணி நேரம் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. ஃபுஜிசாவா போய், அங்கே வண்டி மாறி டோக்கியோ வந்து இறங்கினால், எங்கள் வீட்டுப் பக்கம் போகும் கடைசி வண்டி புறப்பட்டுப் போயிருந்தது. இரவுக் கட்டணத்தில் டாக்சிக்கு 12,000 யென். மனைவி வழியெல்லாம் வாயே திறக்கவில்லை. காமாகுராவில் கடைசி ரயில் எப்போது என்று மட்டும் பார்த்து வைத்திருந்தேன். பார்த்திருக்க வேண்டியது என் வீட்டு ஸ்டேஷனுக்கான கடைசி வண்டியை.

சரி, இப்போது என்ன செய்கிறேன்? நமேரி ஆற்றுக்குக் கிழக்கே, சைமோகுசா பக்கம் இடம் பிடிக்கிறேன். முடிந்ததும் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி ஸுஷிக்கு நடை. சாப்பிடும் சுஷி இல்லை, பக்கத்து ஊர். முக்கால் மணி நேரம் ஆகும். டோக்கியோ போகும் வண்டிகள் பல அங்கிருந்துதான் புறப்படுகின்றன. காமாகுரா அதற்கு அடுத்த நிறுத்தம். நாம் உட்கார்ந்த பிறகுதான் அங்கே வரிசையில் வாடியவர்கள் ஏறுவார்கள்.

அந்தத் தம்பதியையும் இந்த வழியாகத்தான் கூட்டிப்போனேன். வழியில் சுரங்கப்பாதை வரும். அந்தப் பக்கத்துச் சுரங்கங்களில் பேய் நடமாட்டம் உண்டு என்பது ஜப்பானில் பிரபலமான கதை. அதை மட்டும் ரயிலில் உட்கார்ந்த பிறகு சொன்னேன்.