சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு: பழைய பைக்கின் பெட்ரோல் கசிவில் நாம் செய்யும் தவறுகள்

பழைய புல்லட்டோ, ஆர்எக்ஸ் 100-ஓ, ஸ்ப்ளெண்டரோ, காலையில் பார்க்கிங்கில் பெட்ரோல் வாடை அடித்தால் பலரும் முதலில் தேடுவது ஸ்பேனரைத்தான். முதல் தவறு அதுதான். பெட்ரோல் எதையாவது ஒட்டிக்கொண்டே கீழே இறங்கும். டேங்குக்கு அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் டேப்பின் வாஷரில் கசிவது டியூப்பின் மேல் வழிந்து, பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்ப்பரேட்டரின் வெளிப்பக்கத்தைச் சுற்றி, அடியில் இருக்கும் டிரெயின் ஸ்க்ரூ நுனியில் வந்து சொட்டும். பார்ப்பவருக்கு ஸ்க்ரூ லூஸ் என்றுதான் தோன்றும். பிடித்து முறுக்குவார். கார்ப்பரேட்டர் மென்மையான உலோக வார்ப்பு. கொஞ்சம் அதிகமாக முறுக்கினாலே மரை போய்விடும். ஒரு வாஷரில் முடிய வேண்டிய வேலை, கார்ப்பரேட்டரின் அடியில் பெட்ரோல் தங்கும் கிண்ணமான சேம்பரையே மாற்றும் வேலையாகிவிடும்.

எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். டேப்பை மூடி, டேங்கின் அடிப்பக்கத்திலிருந்து சேம்பர் வரை பழைய பனியன் துணியால் நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். முகத்துக்குப் போடும் பவுடரை இணைப்புகளின் வெளிப்புறத்தில் லேசாகத் தட்டுங்கள், ஏர் ஃபில்டர் பக்கம் போகாமல். டேப் மூடியிருக்கும்போதே டேங்கின் அடியிலோ டேப்பிலோ ஈரம் தெரிந்தால் கோளாறு அங்கேதான். திறந்த பிறகு மட்டும் ஈரமானால் டேப்புக்குக் கீழே தேட வேண்டும். எப்போதும் மேலிருந்து கீழாகப் பாருங்கள். பவுடர் முதலில் நனையும் இடம்தான் கசியும் இடம். காய்ந்துபோன பழுப்புக் கறையும் ஒரு தடயம். ரொம்ப நாளாக மெதுவாகக் கசியும் இடத்தில்தான் அந்தக் கறை படியும். வண்டியைச் சர்வீசுக்கு விடும் முன் பளபளவென்று கழுவிவிடுகிறார்களே, அந்தத் தடயமும் தண்ணீரோடு போய்விடும்.

இதையெல்லாம் எங்கே வைத்துச் செய்கிறோம் என்பது இன்னும் முக்கியம். சென்னை அடுக்குமாடிகளின் தரைத்தளப் பார்க்கிங்கில் என்னென்ன இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்: ஈபி மீட்டர் பெட்டி, சம்ப் மோட்டார், அதன் ஸ்விட்ச். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும், பள்ளத்தில் தேங்கும். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் தீப்பிடிக்கக்கூடிய அளவுக்கு ஆவி விடுகிற பொருள் அது. நம் ஊர் வெயிலில் சொல்லவே வேண்டாம். நீங்கள் டேங்கைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது மேல் வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரைப் போட்டால், அந்த ஸ்விட்சில் வரும் சின்னப் பொறியே போதும். வண்டியைத் தள்ளிக்கொண்டு திறந்த வெளிக்குப் போங்கள், எஞ்சின் ஆறட்டும், பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். எரியும் பெட்ரோல் மேல் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்துகொண்டே பரவும்.

சரி, இப்போது கார்ப்பரேட்டர். மெக்கானிக் கடையில் "ஓவர்ஃப்ளோ ஆகுது" என்பார்கள். சேம்பருக்குள் ஃப்ளோட் என்ற மிதவை மேலே வரும்போது ஒரு ஊசியைத் தள்ளி பெட்ரோல் வரும் துளையை அடைக்கிறது. ஊசி சரியாக உட்காரவில்லை என்றால் மட்டம் ஏறி, ஓவர்ஃப்ளோ டியூப் வழியாக வெளியே கொட்டும். இங்கே நடக்கும் மிக மோசமான தவறு, கொட்டுகிறதே என்று அந்த டியூப்பையே மடக்கிக் கம்பி கட்டிவிடுவது. வெளியே போக வழியில்லாத பெட்ரோல் எஞ்சினுக்குள்தான் போகும். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் அது பிஸ்டனைத் தாண்டி ஆயிலில் கலக்கும்; டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸ் நிரம்பும். ஓவர்ஃப்ளோ ஆன ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியை ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில் மட்டம் பார்க்கும் டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ கிக்கர் பக்கமே காலைக் கொண்டுபோகாதீர்கள். நீர்த்துப்போன ஆயிலில் ஓட்டினால் பேரிங் தேயும். ஆயிலை மாற்றிவிட்டு மற்றதைப் பார்க்கலாம்.

மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் சேம்பரை இரண்டு தட்டு தட்டுவார், ஒழுகல் நின்றுவிடும். பலர் அத்தோடு பணம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். தட்டினால் நின்றது என்றால் ஃப்ளோட் சிக்கியிருந்தது, அல்லது ஊசியின் கீழ் தூசி இருந்தது என்று அர்த்தம். அந்தத் தூசி எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் டேங்க் துரு. டேங்கைச் சுத்தம் செய்யாமல் ஊசியை மட்டும் மாற்றினால் கொஞ்ச நாளில் மறுபடி அதே கதை.

ஊசியை வெளியே எடுத்ததும் கூம்பு முனையைப் பாருங்கள். சுற்றி ஒரு வளையம் போலத் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். அது உட்காரும் பித்தளைத் துளையைக் கம்பி விட்டுக் குடையாதீர்கள். காது குடையும் பஞ்சுக் குச்சி போதும். பித்தளை ஃப்ளோட்டாக இருந்தால் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் சத்தம் கேட்டால் அது ஓட்டை, மிதக்காது. ஊசியும் ஃப்ளோட்டும் புதிதாகப் போட்ட பிறகும் கொட்டுகிறதா? சேம்பருக்குள் நிற்கும் ஓவர்ஃப்ளோ குழாயின் அடி விரிசல் விட்டிருக்கலாம். சேம்பரைத் தனியாகக் கழற்றி, குழாய் வாய்க்குச் சற்றுக் கீழே வரை பெட்ரோல் ஊற்றி வைத்தால் தெரிந்துவிடும். இதைப் பார்க்காமலே புது கார்ப்பரேட்டர் வாங்கியவர்கள் நிறையப் பேர்.

உதிரி வாங்குவதிலும் ஒன்று. புதுப்பேட்டையில் பழைய டேங்க், மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் தாராளமாகத் தேடலாம். ஊசியும் ரப்பர் சாமான்களும் மட்டும் பழசு வேண்டாம். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் புதிதாக வாங்கிவிடுங்கள். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அந்தக் காலத்து ரப்பர் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. உப்பும், விறைக்கும், வெடிக்கும். மீன் தொட்டிக்குப் போடும், கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் டியூப் மலிவு, உள்ளே பெட்ரோல் ஓடுவதும் அழகாகத் தெரியும். ஆனால் சீக்கிரமே குச்சி போல விறைத்து, முனையில் சுருங்கிக் கழன்றுவிடும். பெட்ரோலுக்கென்றே வரும் ரப்பர் டியூப், இரண்டு முனையிலும் கிளிப், அவ்வளவுதான். கிழிந்த பேக்கிங்குக்குப் பதில் சாதாரண சிலிக்கான் பேஸ்ட் தடவுவதும் வீண். பெட்ரோலில் அது ஊறிப் பிய்ந்து, துணுக்குகள் கார்ப்பரேட்டருக்குள் ஜெட் என்ற நுண்துளையை அடைக்கும்.

டேங்க் ஓட்டை தனிக் கதை. தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம் என்பதால் டேங்கின் தாழ்ந்த மூலையில் தங்கி, அங்கேதான் உள்ளிருந்து அரிக்கும். எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுக்கும் என்பதால் மழைக்காலம் முழுக்க நிறுத்தியே வைக்கும் வண்டிக்கு இது கூடுதல் தொல்லை. 2015 வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் புயலிலோ மூழ்கிய வண்டி என்றால் இந்த மூலையை முதலில் சந்தேகப்படுங்கள். பெசன்ட் நகர், எண்ணூர் எனக் கடலோரமாக வண்டி நிற்கிறது என்றால் உப்புக் காற்றால் வெளியிலிருந்தும் அரிக்கும், குறிப்பாக ரப்பர் புஷ் உட்காரும் இடத்தில்.

ஊசி முனை ஓட்டையில் சோப்பைத் தேய்த்து அடைப்பது பழைய வித்தை. உண்மையிலேயே வேலை செய்யும், சோப்பு பெட்ரோலில் கரையாது. வழியில் மாட்டிக்கொண்டால் பட்டறை வரை போக உதவும். மழை வந்தால் போச்சு. பட்டறையில் வெல்டிங் வைக்கக் கொடுக்கும்போதுதான் உயிர் போகும் தவறு நடக்கிறது: "டேங்க் காலிதான், பரவாயில்லை." பெட்ரோலை வடித்துவிட்டால் ஆபத்து போய்விடாது. உள்ளே தங்கும் ஆவி காற்றோடு கலந்து, தீ பட்டதும் வெடிக்கும். பலமுறை கழுவி, ஆவியை முழுக்க வெளியேற்றி வேலை செய்யத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். அப்படி ஒருவர் கிடைக்கவில்லையா, புது டேங்க் தேடுவதே மேல்.

சில கசிவு பெரிய கோளாறே இல்லை. மே மாதம் கழுத்து வரை நிரப்பி வெயிலில் நிறுத்தினால் பெட்ரோல் விரிந்து மூடி வழியாக வழியும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 1 சதவீதம் விரிவது அதன் இயல்பு. சைடு ஸ்டாண்டில் சாய்த்து நிறுத்தும்போது மட்டும் ஓரிரு சொட்டு விழுகிறதென்றால் ஃப்ளோட் மட்டம் சற்று அதிகமாக இருக்கலாம், டேப்பை மூடினால் நின்றுவிடும்.

வேலை முடிந்ததும் உடனே உள்ளே கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். வெளியிலேயே சென்டர் ஸ்டாண்டில் டேப்பைத் திறந்து, அடியில் செய்தித்தாள் விரித்து அரை மணி நேரம் விடுங்கள். அப்புறம் சைடு ஸ்டாண்டில் இன்னொரு அரை மணி. தாள் காய்ந்தே இருந்தால் டேப்பை மூடிவிட்டு வண்டியை உள்ளே தள்ளலாம்.