மழை நாளுக்கு ஒரு கோலி ஓட்டம்: பழைய அட்டைப்பெட்டியில் செய்யும் முறை

வெளியே போக முடியாத நாளில் பிள்ளைகளுக்குக் கைவேலை தேடுகிறவர்கள் பெரும்பாலும் காகிதப் பூ, முகமூடி, வாழ்த்து அட்டை என்றுதான் ஆரம்பிப்பார்கள். எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு "இப்ப என்ன பண்றது?" என்ற கேள்வி வரும், மழை நிற்காது. கோலி ஓட்டம், அதாவது சாய்த்த அட்டைப் பலகையில் தடங்களை ஒட்டி மேலிருந்து கீழே கோலியை உருட்டிவிடும் விளையாட்டு, அப்படிச் சட்டென்று முடிகிற வேலை இல்லை. முதல் தடவை விட்டால் கோலி எங்காவது வெளியே பாயும். ஒரு இடத்தைச் சரிசெய்தால் அடுத்த இடத்தில் மாட்டும். அந்தத் திருத்தும் வேலையில்தான் பிள்ளைகள் மணிக்கணக்கில் உட்காருவார்கள். அதனால் பெரியவர்கள் கச்சிதமாகக் கட்டிக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

தேவையானவை: குறைந்தது 50 செ.மீ. அகலமும் 100 செ.மீ. உயரமும் வரக்கூடிய பெரிய அட்டைப்பெட்டி, எட்டுப் பத்து அட்டைக் குழல்கள் (டாய்லெட் பேப்பர் ரோல், கிச்சன் டவல் ரோல் இவற்றின் உள்ளே இருப்பவை), மாஸ்கிங் டேப் (காகித டேப்), கத்தரிக்கோல், ஸ்கேல், பென்சில், ஒரு காலி தண்ணீர் பாட்டில், பழைய சாக்ஸ் ஒன்று, கோலிகள். கோலி 16 மி.மீ. விட்டமுள்ள சாதாரண அளவாக இருக்கட்டும், எடை 5 கிராம் சொச்சம் வரும். கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் அதற்கானவை.

டேப் விஷயத்தில் எனக்கு உறுதியான கட்சி உண்டு: மாஸ்கிங் டேப் மட்டும்தான். செல்லோ டேப்பைப் பிரித்து ஒட்ட முயன்றால் அட்டையின் மேல்தாளும் சேர்ந்து உரியும். பிரவுன் டேப் சுவரில் பட்டால் பெயிண்டையே கொண்டுபோகும். மாஸ்கிங் டேப்பைக் கையாலேயே கிழிக்கலாம், பத்து முறை எடுத்து ஒட்டலாம். இந்த வேலையில் எல்லாமே பத்து முறை எடுத்து ஒட்ட வேண்டியவை. க்ளூ கன் வீட்டில் இருந்தாலும் உள்ளேயே இருக்கட்டும். சூட்டுக்காயம் ஒரு காரணம். ஒட்டியதை மாற்ற முடியாது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை வீட்டில் இருந்தால் கோலியே வேண்டாம். தொண்டையில் அடைக்கிற அளவு அது. டாய்லெட் பேப்பர் குழலுக்குள் நுழையும் எந்தப் பொருளும் அந்த வயதுக்கு ஆபத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். டேபிள் டென்னிஸ் பந்தும் அதில் சேர்த்திதான். அவர்களுக்கு டென்னிஸ் பந்தும், பெட்டி அட்டையை மடித்துச் செய்த அகலமான தடங்களும் போதும்.

படி 1: பலகை

பெட்டியைப் பிரித்து விரித்துத் தட்டையாக்குங்கள். அட்டையின் உள்ளே ஓடும் நெளிவரிகள் மேலிருந்து கீழாக நிற்கும்படி வெட்ட வேண்டும். குறுக்காக வைத்தால் பலகை நடுவில் வளையும், தடங்கள் ஒவ்வொன்றாகப் பெயரும்.

பலகையைச் சுவரில் ஒட்டாதீர்கள், சாய்த்து வையுங்கள். அடிப்பக்கம் சுவரிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தள்ளி இருக்கட்டும். இந்தச் சாய்வு அலங்காரத்துக்கு இல்லை. கோலி ஒரு தடத்திலிருந்து அடுத்ததற்கு விழும்போது பலகையின் மேல் சாய்ந்தபடி இறங்க வேண்டும். பலகை செங்குத்தாக நின்றால் பாதி விழுகைகளில் கோலி முன்பக்கமாக வெளியே வந்துவிடும். அடி வழுக்காமல் இருக்க முன்னால் இரண்டு தடிமனான புத்தகங்களை வையுங்கள்.

படி 2: தடங்கள்

குழலைக் கைகளுக்கிடையே அழுத்தித் தட்டையாக்கினால் இருபுறமும் இரண்டு மடிப்புக் கோடுகள் விழும். அந்தக் கோடுகளிலேயே கத்தரித்தால் ஒரு குழலிலிருந்து இரண்டு அரைக்குழல்கள். பேப்பர் கட்டர் தேவையில்லை, ஆறு வயதுப் பிள்ளையே மழுங்கிய கத்தரிக்கோலால் செய்துவிடும். வெட்டியபின் ஒரு தடித்த மார்க்கர் பேனாவில் சுற்றி அழுத்தினால் வளைவு திரும்பிவிடும்.

டாய்லெட் பேப்பர் குழல் சுமார் 10 செ.மீ. நீளம். மூன்றை இணைத்தால் 28 செ.மீ. தடம் கிடைக்கும். இணைப்பில் ஓடு வேய்வது போல அடுக்க வேண்டும்: மேட்டுப் பக்கத்துத் துண்டின் முனை, பள்ளப் பக்கத்துத் துண்டின் உள்ளே ஒரு செ.மீ. படிய வேண்டும். தலைகீழாக அடுக்கினால் விளிம்பில் கோலி முட்டி நிற்கும். இணைப்பின் மேல் உள்பக்கம் டேப் ஒட்டவே கூடாது, அடிப்பக்கம் மட்டும்.

படி 3: முதல் தடத்தைப் பாதி ஒட்டுதல்

தடத்தின் பின்விளிம்பைப் பலகையோடு சேர்த்து, மேட்டுமுனையில் மட்டும் ஒரு டேப் போடுங்கள். மறுமுனையைக் கையால் பிடித்து ஏற்றி இறக்கிக் கோலியை விட்டுப் பாருங்கள். 30 செ.மீ. நீளத்துக்கு 3 செ.மீ. இறக்கம் ஆரம்பத்துக்குச் சரியான அளவு. பென்சிலால் குறித்துக்கொண்டு பிறகு முழுவதும் ஒட்டுங்கள். டேப்பைத் தடத்தின் நீளவாக்கில் ஒட்ட வேண்டும். குறுக்கே ஒட்டினால் அதன் ஓரத்தில் கோலி ஒவ்வொரு முறையும் "டக்" என்று தட்டிக்கொண்டு போகும்.

கோலியின் எடையில் தடம் முன்பக்கமாகத் தொங்க ஆரம்பித்தால், வெளிவிளிம்பிலிருந்து மேலே பலகைக்குச் சாய்வாக ஒரு டேப் பட்டையை இழுத்து ஒட்டுங்கள். கோலி அதன் அடியில் தாராளமாகப் போகும்.

படி 4: திருப்பம் (எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம்)

இடமிருந்து வலம் போன கோலி, வலமிருந்து இடம் போகும் அடுத்த தடத்தில் விழ வேண்டும். பார்க்க எளிது. ஆனால் 3 செ.மீ. இறங்கி வந்த கோலி, தடத்தின் முனையை விடும்போது வினாடிக்கு 60 செ.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அங்கிருந்து 5 செ.மீ. கீழே விழுவதற்குள் குறுக்கே 6 செ.மீ. பறந்துவிடும். அடுத்த தடத்தை நேர் கீழே வைத்தால் கோலி அதைத் தாண்டித் தரையில் விழும். தள்ளி வைத்தாலும், விழுகிற வேகத்தில் எதிர்த்திசைக்கு ஓடி அந்தப் பக்கமாக வெளியேறும்.

இதற்குத் தேவை ஒரு தடுப்பு. 8 செ.மீ. உயரம், 7 செ.மீ. அகலத்தில் ஓர் அட்டைத் துண்டு வெட்டி, அகலத்தில் 2 செ.மீ. மடித்து, அந்த மடிப்பைப் பலகையில் ஒட்டுங்கள். மீதி 5 செ.மீ. கதவு போல வெளியே நீட்டி நிற்கும். மேல்தடத்தின் முனைக்கும் தடுப்புக்கும் இடையே 2.5 செ.மீ. இடைவெளி விடுங்கள். 2 செ.மீ.க்குக் குறைந்தால் கோலி சிக்கும், 4 செ.மீ. ஆனால் எதிரே முட்டித் தாறுமாறாக விழும். தடுப்பின் மேல்விளிம்பு மேல்தடத்தின் தரையைவிட 3 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும், கீழ்விளிம்பு அடுத்த தடத்தைத் தொடாமல் நிற்கட்டும். அடுத்த தடத்தின் மேட்டுமுனை தடுப்பைத் தாண்டி ஒரு செ.மீ. வெளியே நீள வேண்டும். அந்த முனையை ஒரு சின்ன அட்டையால் மூடிவிடுங்கள்.

கோலி படும் பக்கத்தில் சாக்ஸ் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். வெறும் அட்டையில் பட்டால் கோலி எகிறும், துணியில் பட்டால் வேகம் செத்து நேராகக் கீழே இறங்கும். ஆனால் அதே துணியைக் கீழ்த்தடத்தின் தரையிலும் போட்டுவிடாதீர்கள். கோலி அதில் புதைந்து உட்கார்ந்துவிடும். தரையில் அதிகபட்சம் ஒற்றை மடிப்பு டிஷ்யூ பேப்பர், அதுவும் எகிறினால் மட்டும்.

ஒரு திருப்பத்தை முடித்து, பத்து விடுகையில் ஒன்பது முறை ஓடிய பிறகே அடுத்ததற்குப் போங்கள். ஐந்து தடங்களையும் ஒட்டிவிட்டுக் கடைசியில் சோதித்தால் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கவே பொறுமை போய்விடும், முக்கியமாகப் பெரியவர்களுக்கு.

கோளாறைக் காதால் தேடலாம். நடுத்தடத்தில் "டக்" கேட்டால் இணைப்பு தலைகீழ், அல்லது டேப் தூக்கியிருக்கிறது. சத்தமில்லாமல் கோலி பக்கவாட்டில் ஏறி வெளியே போனால் தடம் முறுக்கியிருக்கிறது. வெளிவிளிம்பு உள்விளிம்பைவிடத் தாழ்ந்திருக்கும், பாருங்கள்.

படி 5: புனல்

பாட்டிலின் மேல் மூன்றில் ஒரு பகுதியை வெட்டித் தலைகீழாகப் பொருத்தினால் புனல். வெட்டுவது பெரியவர் வேலை, வெட்டிய விளிம்பில் டேப் சுற்றிவிட வேண்டும். பலகையில் பாட்டில் அளவுக்குத் துளை போட வேண்டியதில்லை. இரண்டு நீளமான டேப் பட்டைகளால் கட்டினாலே நிற்கும். கடைசித் தடத்தைப் புனலின் நடுவுக்கு விடாமல், உள்சுவரை உரசிக்கொண்டு நுழையும்படி ஓரமாகத் திருப்புங்கள். அப்போதுதான் கோலி சுற்றிச் சுற்றி இறங்கும். நடுவில் விட்டால் ஒரே பாய்ச்சலில் விழுந்துவிடும், பிள்ளைகளுக்குப் பெரிய ஏமாற்றம்.

அடியில் ஒரு கிண்ணம், அதற்குள் மீதி சாக்ஸ்.

படி 6: மெதுவாக ஓட வைத்தல்

இங்கிருந்துதான் விளையாட்டு. எது வேகமாக ஓடும் என்ற போட்டி வைக்காதீர்கள், சாய்வைக் கூட்டினால் அது முடிந்துபோகும். எது மெதுவாக, நிற்காமல் ஓடும் என்று வையுங்கள். போனில் ஸ்டாப்வாட்ச் போதும். மேலே சொன்ன சாய்வில் ஐந்து தடங்களுக்கு 5 வினாடிக்குச் சற்று அதிகமாக வரும். இறக்கத்தை 1 செ.மீ. ஆகக் குறைத்தால் 8 வினாடியைத் தாண்டும், ஆனால் சின்ன விளிம்பு இருந்தாலும் நின்றுவிடும். 10 வினாடி என்று இலக்கு வையுங்கள்.

அட்டையின் மேல்தாளை லேசாக ஈரத்துணியால் துடைத்து உரித்தால் உள்ளே இருக்கும் நெளிகள் வெளியே தெரியும். அந்தத் துண்டை ஒரு தடத்தின் தரையில் நெளிகள் குறுக்காக வரும்படி பதித்தால் கோலி தடதடத்து வேகம் குறையும். இன்னொரு வழி, அரைக்குழலுக்குப் பதில் வி வடிவத் தடம். நெளிவரிகளுக்கு இணையாக 6 செ.மீ. அகலப் பட்டை வெட்டி நடுவில் மடித்தால் போதும். அதில் கோலி இரண்டு பக்கமும் தொட்டுக்கொண்டு உருளும். அதே தூரம் உருண்டு போக அதிக முறை சுழல வேண்டியிருப்பதால் மெதுவாகவே வேகம் பிடிக்கும்.

ஒன்பது பத்து வயதுக்காரர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்: ஒரே அளவுள்ள இரும்புக் குண்டும் கண்ணாடிக் கோலியும் சேர்ந்து ஓடினால் எது முந்தும்? பெரும்பாலும் இரும்பு என்பார்கள். கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும், எடை இதில் பொருட்டில்லை. உள்ளே காலியான டேபிள் டென்னிஸ் பந்து மட்டும் பின்தங்கும். அதன் எடை முழுவதும் ஓட்டிலேயே இருப்பதால் சுழல வைப்பது கடினம். அந்தப் பந்துக்கு அகலமான தடம் தேவை, ஃபேனையும் அணைத்துவிடுங்கள்.

இரண்டு பிள்ளைகள் இருந்தால் பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரிக்க வேண்டாம், சண்டை அந்தக் கோட்டில்தான் ஆரம்பிக்கும். கோலி விடுகிறவர் ஒருவர், நேரம் பார்க்கிறவர் ஒருவர், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மாற்றிக்கொள்ளட்டும். நான்கு வயதுக்காரருக்கு டேப்பைக் கிழித்து மேசை விளிம்பில் வரிசையாகத் தொங்கவிடும் வேலை கொடுங்கள், அது உண்மையிலேயே தேவைப்படும் வேலை.

பின்சேர்க்கை

டேப் ஒட்டவே மாட்டேன் என்கிறது என்று பலர் கேட்டிருந்தார்கள். அடைமழையில் அட்டை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பலகையையும் குழல்களையும் ஃபேனுக்கு அடியில் அரை மணி நேரம் வைத்துவிட்டு ஒட்டுங்கள், ஒட்டியபின் விரல் நகத்தால் நன்றாக அழுத்தித் தேயுங்கள். மறுநாள் காலையில் தடங்கள் இறங்கியிருந்தால் பலகையின் பின்பக்கம் ஒரு அட்டைப் பட்டையை நெடுக ஒட்டி விறைப்பாக்குங்கள்.

புனலில் கோலி அடைக்கிறது என்றால் கோலி பெரிது. சாதாரண தண்ணீர் பாட்டிலின் கழுத்து உள்ளே சுமார் 21 மி.மீ.தான், 25 மி.மீ. கோலி போகாது. கழுத்தையே வெட்டிவிடுங்கள்.

குழல்கள் கிடைக்கவில்லை என்றால் முழுவதையும் வி தடங்களாலேயே செய்யலாம். இறக்கத்தை மட்டும் 30 செ.மீ.க்கு 4 ஆக வையுங்கள். கீழ்வீட்டுக்காரர் சத்தம் என்று சொன்னால் பலகைக்கு முன்னால் ஒரு போர்வையை விரியுங்கள். தவறி விழும் கோலி அறைக்குக் குறுக்கே உருண்டு கட்டிலுக்கு அடியில் போவதும் அதோடு நிற்கும். எடுத்து வைக்கும்போது கோலிகளை எண்ணி மூடியுள்ள டப்பாவில் போடுங்கள், பலகையைத் தடங்களோடு அப்படியே கதவுக்குப் பின்னால் நிறுத்திவிடலாம்.