பழைய எம்பிஎஃப்ஐ காரில் ஈசியு மாற்றுவது: ஆரம்ப நிலையினருக்கான செய்முறை

வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்புகிறது. 'ஈசியு போயிடுச்சு' என்று மெக்கானிக்குகள் சொல்லிவிடுகிறார்கள். இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று முடிவெடுக்கும் கம்ப்யூட்டர் பெட்டிதான் ஈசியு. மாருதி 800, ஜென், எஸ்டீம், சான்ட்ரோ, பழைய ஹோண்டா சிட்டி போன்ற 2000-ஐ ஒட்டிய எம்பிஎஃப்ஐ கார்கள் (கார்புரேட்டருக்குப் பதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சுபவை) வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் தீர்ப்பு இது. சில நேரம் சரியாகவும் இருக்கும். ஆனால் ஈசியு தானாகச் சாவது குறைவு. பெரும்பாலும் வெளியே இருக்கும் ஏதோ ஒன்று அதைக் கெடுக்கிறது. அது எது என்று பார்க்காமல் வேறு பெட்டியை மாட்டினால், அதுவும் அதே வழியில் போகும். பெட்டியைக் கழற்றி மாட்ட இருபது நிமிடம் போதும். அதற்கு முந்தைய சோதனைகளுக்குத்தான் ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை: டிஜிட்டல் மல்டிமீட்டர், 10 மிமீ ஸ்பேனரும் சாக்கெட்டும், ஸ்குரு டிரைவர்கள், காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே, உங்கள் மாடலின் ஒயரிங் வரைபடம். பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப் வேண்டாம். அது இழுக்கும் கரண்டை ஈசியுவுக்குள் இருக்கும் சின்ன டிரான்சிஸ்டர்கள் தாங்காது.

1. உண்மையிலேயே ஈசியுதானா?

சாவியை ஆன் செய்யுங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். செக் இன்ஜின் விளக்கு எரிய வேண்டும். பெரும்பாலான கார்களில் பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி ஓடும் சத்தமும் கேட்கும். இரண்டும் இல்லை என்றால், ஈசியு செத்திருக்கலாம். அதற்குக் கரண்ட் வராமலும் இருக்கலாம். ஃப்யூஸையும், ஈசியுவுக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்சான மெயின் ரிலேயையும் முதலில் பாருங்கள். பழைய ஹோண்டாக்களில் மெயின் ரிலேயின் சால்டரிங் விரிசல் விட்டு, வெயிலில் நின்ற வண்டி கிளம்பாமல் போவது பெயர்போன கோளாறு. சூட்டில் அணைந்து ஆறினால் கிளம்பும் வண்டிக்கு, இன்ஜின் சுற்றுவதை ஈசியுவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரும், தீப்பொறிக்கான இக்னிஷன் காயிலும்கூடக் காரணமாக இருக்கும்.

இன்னொரு குழப்பம். கடையில் வாங்கிய ஓபிடி ஸ்கேனர் (ஈசியு பதிந்து வைத்த கோளாறுகளைப் படிக்கும் கருவி) ஈசியுவோடு பேசவில்லை என்பதால் ஈசியு செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. இந்தியாவில் ஓபிடி கட்டாயமானது 2010-இல்தான். அதற்கு முந்தைய பல கார்கள் அந்தந்தக் கம்பெனியின் மொழியில் மட்டுமே பேசும்.

2. கரண்டும் எர்த்தும்

நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6-க்குக் கீழே போகக் கூடாது. பிறகு ஈசியு கனெக்டரின் பின்பக்கமாக, வரைபடம் காட்டும் பின்களில் மீட்டரை வைத்து மூன்று வரவுகளையும் பாருங்கள்: எப்போதும் இருப்பது, சாவி போட்டால் வருவது, மெயின் ரிலே வழியாக வருவது.

எர்த் சோதனையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒயரில் ஒரே ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் ஓம் அளவில் மீட்டர் கிட்டத்தட்ட 0 காட்டிவிடும். கரண்ட் பாயும்போதுதான் குட்டு வெளிப்படும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முனையை ஈசியுவின் எர்த் பின்னிலும் வைத்து, ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கெட்டிருக்கிறது. இன்ஜினில் அந்த எர்த் ஒயர் முறுக்கியிருக்கும் போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இறுக்கி மாட்டுங்கள். ஈசியு வாங்கக் கிளம்பிய பலருடைய செலவு இந்த இடத்திலேயே மிச்சமாகும்.

அடுத்து 5 வோல்ட். த்ராட்டில் சென்சார் (ஆக்ஸிலேட்டருக்கு ஏற்பத் திறக்கும் காற்று வால்வை அளப்பது), மேப் சென்சார் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) போன்றவற்றுக்கு ஈசியுதான் 5 வோல்ட் அனுப்புகிறது. கனெக்டரில் அது 0 அல்லது 1 வோல்ட் காட்டினால், சென்சார்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் 5 திரும்புகிறதோ, குற்றவாளி அந்தச் சென்சார். எல்லாவற்றையும் பிடுங்கியும் வரவில்லையா? பேட்டரியையும் ஈசியு கனெக்டரையும் கழற்றிவிட்டு, அந்த 5 வோல்ட் ஒயருக்கும் பாடிக்கும் இடையே ஓம் பாருங்கள். சில ஓம் மட்டும் காட்டினால் ஒயர் எங்கோ தோல் உரிந்து பாடியைத் தொடுகிறது. எலி கடித்த வண்டிகளில் இது சகஜம். ஒயர் சுத்தமாக இருந்தால்தான் சந்தேகம் ஈசியு மேல் திரும்ப வேண்டும்.

3. கெடுத்தது எது?

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டாதீர்கள். இன்ஜெக்டர் கனெக்டரைப் பிடுங்கி, அதன் இரண்டு பின்களுக்கு இடையே ஓம் பாருங்கள். இந்த வகைக் கார்களில் பொதுவாக 12 முதல் 16 ஓம் இருக்கும்; எல்லா இன்ஜெக்டரும் ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் 4, 5 என்று இறங்கினால், அதன் காயில் உள்ளே ஷார்ட் ஆகி, ஈசியுவுக்குள் அதை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டரைச் சுட்டிருக்கலாம். ஐடில் வால்வின் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் வேகத்தைப் பிடித்து வைப்பது) காயில்களையும் இக்னிஷன் காயிலின் பிரைமரியையும் சர்வீஸ் மேனுவல் அளவோடு ஒப்பிடுங்கள்.

டைனமோ அடுத்தது. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.5 முதல் 14.5 வோல்ட். மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றினால் 0.5-க்குக் கீழே இருக்க வேண்டும். மேலே போனால், டைனமோவுக்குள் ஏசி கரண்டை டிசியாக்கும் டையோடு போயிருக்கிறது.

வண்டியின் கதையையும் விசாரியுங்கள். பாசிட்டிவ், நெகட்டிவ் மாற்றி ஜம்ப் ஸ்டார்ட் செய்தார்களா? ஈசியு கனெக்டரைக் கழற்றாமல் வெல்டிங் வைத்தார்களா? இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைப் பிடுங்கி 'டைனமோ சார்ஜ் ஆகுதா' என்று பார்த்தார்களா? கார்புரேட்டர் காலத்துப் பழக்கமான இதனால் வோல்டேஜ் ஒரு கணம் எகிறி, ஈசியுவையே காவு வாங்கும்.

4. பெட்டியைத் திறந்து பாருங்கள்

ஈசியுவைக் கழற்றும் முறை ஆறாம் படியில் இருக்கிறது. உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டில் பச்சை பூத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. வெள்ளத்தில் நின்ற வண்டி மட்டுமல்ல, ஏசியின் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்ட வண்டியிலும் இது நடக்கும். ஒழுகும் இடத்தை முதலில் அடையுங்கள். கெபாசிட்டர் அடியில் பிசுபிசுப்பும் மீன் வாடையும் இருந்தால் அது கசிந்திருக்கிறது. 1980-களின் கடைசி, 1990-களின் தொடக்கத்து மிட்சுபிஷி ஈசியுக்களில் இது பரவலான வியாதி. அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி தாங்கும் கெபாசிட்டரை எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றினால், சர்க்யூட் தடங்கள் அரிக்கப்படாத வரை அதே பெட்டி பிழைக்கும்.

5. மாற்று ஈசியு வாங்குவது

பெட்டி மேல் ஒட்டியிருக்கும் எண் முழுவதும் பொருந்த வேண்டும். சுசூகியில் 33920, ஹோண்டாவில் 37820, டொயோட்டாவில் 89661 என்று தொடங்குவது 'இது ஈசியு' என்று மட்டுமே சொல்லும்; எந்த மாடல், எந்த கியர்பாக்ஸ் என்பதெல்லாம் பின்னால் வரும் எழுத்துகளிலும் எண்களிலும் இருக்கிறது. கனெக்டர் உட்காருகிறதே என்று வாங்கிவிடாதீர்கள்.

சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் வாங்கினால், ஓடிக்காட்டிய வண்டியிலிருந்து கழற்றியதா என்று கேளுங்கள். திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்பதையும் பேசிவிடுங்கள். இம்மொபிலைசர் (சாவியின் கோட் பொருந்தாவிட்டால் இன்ஜினைக் கிளம்பவிடாத திருட்டுத் தடுப்பு) உள்ள வண்டி என்றால் பழைய ஈசியு மட்டும் போதாது, அது உங்கள் சாவியை ஏற்காது. ஈசியு, இம்மொபிலைசர் யூனிட், சாவி மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து செட்டாக வாங்க வேண்டும். அல்லது உங்கள் பழைய ஈசியுவின் மெமரியை மாற்றுப் பெட்டிக்கு நகலெடுக்க வேண்டும்.

6. மாட்டுவது

ரேடியோவுக்கு ரகசிய எண் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, 10 நிமிடம் காத்திருங்கள். ஈசியு பொதுவாக டேஷ்போர்டுக்குக் கீழே, கிளவ் பாக்ஸ் பின்னாலோ கால் வைக்கும் இடத்துப் பக்கவாட்டிலோ இருக்கும். வண்டியின் இரும்பைத் தொட்டுவிட்டுப் பெட்டியைத் தொடுங்கள். உடம்பின் ஸ்டாட்டிக் இறங்கிவிடும். கனெக்டரின் லாக்கை அழுத்தி, கனெக்டரைப் பிடித்து இழுங்கள், ஒயரைப் பிடித்து அல்ல. பின்களில் பச்சை படிந்திருந்தால் ஸ்பிரே அடித்துக் காயவிடுங்கள். வளைந்த பின்னோடு கனெக்டரைத் திணித்தால் புதுப் பெட்டியும் வீண்.

மாட்டி, பேட்டரியைக் கொடுத்ததும் ஸ்டார்ட் செய்ய அவசரப்படாதீர்கள். சாவியை ஆன் செய்து செக் இன்ஜின் விளக்கைப் பாருங்கள், பெட்டியைத் தொட்டுப் பாருங்கள். சூடேறினால் உடனே அணைத்துவிட்டு மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். எல்லாம் சரி என்றால் ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடும்வரை ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் விடுங்கள், பிறகு ஏசி போட்டுச் சில நிமிடம். ஐடிலை (ஆக்ஸிலேட்டரைத் தொடாதபோது இருக்க வேண்டிய வேகத்தை) ஈசியு அப்போதுதான் கற்றுக்கொள்கிறது. முதல் நாள் ஆர்பிஎம் கொஞ்சம் ஏறி இறங்கலாம்.

பிறகு, முன்பு எப்படி ஓட்டும்போது அணைந்ததோ அதே சூட்டில், அதே தூரம் ஓட்டிப் பாருங்கள். பழைய பெட்டியைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். இம்மொபிலைசர் உள்ள வண்டியில் உங்கள் சாவியோடு பொருந்தும் கோட் அதற்குள் இருக்கிறது.