கிராஸ் ஸ்டிட்ச்: பிரித்தாலும் சரியாகாத தவறுகள்

துணியின் கட்டங்களை எண்ணி, கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறியாகத் தைத்துப் படம் உருவாக்கும் கிராஸ் ஸ்டிட்ச்சைப் பழகுகிறவர்கள் எதற்குக் கவலைப்பட வேண்டுமோ அதை விட்டுவிட்டு மற்றதற்கெல்லாம் கவலைப்படுவார்கள். ஒரு கட்டம் தள்ளிப் போட்டுவிட்டேனே, பின்பக்கம் கன்னாபின்னாவென்று இருக்கிறதே என்று உச்சுக்கொட்டுவார்கள். கத்தரியும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் அதெல்லாம் சரியாகிவிடும். துணி வாங்கும்போதும், துவைக்கும்போதும், கண்ணாடிச் சட்டம் போடும்போதும் நடக்கிற தவறுகள் வேறு ரகம். அவற்றைப் பிரித்துப் போட வழியே இல்லை. ஆகவே ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்னும் கீழே வைத்த பின்னும் நடப்பவற்றைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

முதலில் துணி. நம் ஊர் ஃபேன்ஸி ஸ்டோரிலும் டெய்லரிங் சாமான் கடையிலும் கிராஸ் ஸ்டிட்ச்சுக்குத் துணி கேட்டால் பெரும்பாலும் கட்டம் கட்டமாக நெய்த மேட்டி துணியைத்தான் எடுத்துப் போடுவார்கள். ஆன்லைனில் வாங்கினால் அதேபோல் கட்டங்களுள்ள ஐடா துணி. ஐடாவில் 11, 14, 16, 18 என்று கவுண்ட் போட்டிருக்கும். ஓர் அங்குலத்தில் எத்தனை கட்டம் என்பதற்கான எண் அது. எண் கூடக் கூடக் கட்டம் சிறுக்கும், படமும் சிறுக்கும். அகலத்தில் 140, உயரத்தில் 98 கட்டம் கொண்ட ஒரு படத்தை 14 கவுண்டில் தைத்தால் 10 அங்குலத்துக்கு 7 அங்குலம் வரும். அதையே 11 கவுண்டில் போட்டால் அகலம் ஏறக்குறைய பன்னிரண்டே முக்கால் அங்குலம். 18 கவுண்டில் எட்டு அங்குலம்கூடத் தேறாது. கட்டங்களின் எண்ணிக்கையைக் கவுண்டால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. வந்த விடையோடு நான்கு பக்கமும் மூன்று மூன்று அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். 10 × 7 படத்துக்கு 16 × 13 துணி வேண்டும். 'எதுக்கு வீணா' என்று ஓரத்தைக் குறைத்து வெட்டினால், சட்டம் போடும் நாளில் பின்னால் மடிக்கத் துணி இருக்காது. தைத்து முடித்த படத்துக்கு ஓரம் வளர்க்க யாராலும் முடியாது.

மேட்டி துணியில் இன்னொரு சங்கடம். பல கடைகளில் கவுண்ட் என்னவென்று கேட்டால் பதில் வராது. ஒரு ஸ்கேலை எடுத்துப் போங்கள். நீளவாக்கில் ஓர் அங்குலத்தில் எத்தனை கட்டம் என்று எண்ணுங்கள், பிறகு அகலவாக்கில் எண்ணுங்கள். மலிவான துணியில் இரண்டும் ஒன்றாக இருக்காது. 12க்கு 13 என்று இருந்தால் வட்டமாக வரவேண்டிய ரோஜா முட்டை வடிவத்தில் வரும். எவ்வளவு கவனமாக எண்ணித் தைத்தாலும் அந்தக் கோணல் நிமிராது. கஞ்சி விறைப்போடு இருக்கும் மேட்டியை வாங்கியதும் ஒருமுறை நனைத்து உலர்த்தி இஸ்திரி போட்டுக்கொள்வதும் நல்லது. சுருங்குவதெல்லாம் தைப்பதற்கு முன்பே சுருங்கித் தொலையட்டும். வெட்டிய ஓரம் பிசிறாமலிருக்க ஓவர்லாக் அடிக்கலாம், கையாலேயே ஓரம் அடித்தும் விடலாம். டேப் ஒட்டுகிறவர்களும் உண்டு. மாதக்கணக்கில் கிடந்தால் அதன் பசை துணியில் இறங்கிக் கறையாகிவிடும், எனக்கு அதில் உடன்பாடில்லை.

அடுத்தது நூல். ஆங்கர், டிஎம்சி என்ற இரண்டு கம்பெனி நூலிலும் ஒரு கண்டில் 8 மீட்டர் நூல், அதில் 6 இழை. 14 கவுண்ட் துணிக்கு இரண்டு இழை போதும், 11 கவுண்டுக்கு மூன்று. இரண்டிரண்டாகப் பிரித்தால் ஒரு கண்டு 24 மீட்டர் தையலுக்கு வரும். ஒரு நிறம் நிறையத் தேவைப்படும் என்று தெரிந்தால், குறிப்பாகப் பின்னணி நிறத்துக்கு, எல்லாக் கண்டுகளையும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிவிடுங்கள். சாயம் தோய்க்கும் ஒவ்வொரு முறையும் நிறம் இம்மியளவு மாறலாம். தனியாகப் பார்க்கும்போது அது தெரியாது. வானத்தின் நடுவில் கோடு கிழித்ததுபோல் தைத்த பிறகுதான் தெரியும். கம்பெனி மாற்றுவதிலும் இதே சிக்கல் உண்டு. படத்தில் டிஎம்சி நிற எண் இருக்கும், கடையில் ஆங்கர்தான் கிடைக்கும். மாற்றுப் பட்டியல்கள் இருக்கின்றன: டிஎம்சி 310 கறுப்பு என்றால் ஆங்கரில் 403. ஆனால் கறுப்பு பொருந்துவதுபோல எல்லா நிறமும் பொருந்தாது, பட்டியல் தருவது கிட்டத்தட்ட ஒத்த நிறம்தான். ஒரு நிறத்தை ஆங்கரில் தொடங்கினால் அந்த நிறம் முடியும்வரை ஆங்கரிலேயே போங்கள்.

நூறு கண்டு சேர்த்து மலிவாகக் கிடைக்கும் பெயரில்லாத பெட்டிகளைக் குறை சொல்ல மாட்டேன், பழகுவதற்கு நன்றாகவே இருக்கும். ஆனால் சாயம் நிற்குமா என்று பார்க்காமல் அதில் சிவப்பையும் அடர் நீலத்தையும் தொடாதீர்கள். விரல் நீளம் நூலை வெட்டி நனைத்து, வெள்ளைத் துணிக்கு நடுவில் வைத்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். துணியில் சாயம் இறங்கினால் அந்த நூல் வெள்ளை மேட்டிக்கு ஆகாது.

இனித் தைப்பது. இதில் பெரும்பாலானவை பிரித்துச் சரிசெய்யக்கூடியவை என்பதால் வேகமாகவே சொல்கிறேன். ஊசி மழுங்கிய முனையுள்ளதாக இருக்கட்டும், 14 கவுண்டுக்கு 24 எண் ஊசி. நூல் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை இருந்தால் போதும். அடிக்கடி கோக்கச் சோம்பல்பட்டு இரண்டு கையையும் விரித்த நீளத்துக்கு நூலெடுத்தால் சிக்கும், பஞ்சடிக்கும். இழைகளைச் சேர்த்து உருவாமல் ஒவ்வொன்றாக உருவிப் பிறகு சேர்த்துக்கொண்டால் தையல் படிந்து நிற்கும். தைக்கத் தைக்க நூல் முறுக்கேறும். அவ்வப்போது ஊசியைத் துணியிலிருந்து தொங்கவிட்டால் தானே சுழன்று அவிழ்ந்துகொள்ளும்.

முடிச்சு போடாதீர்கள். பின்னால் முடிச்சிருந்தால் சட்டத்துக்குள் முன்பக்கம் மேடு தட்டும். இரண்டு இழையில் தைக்கும்போது அழகான ஒரு வழி இருக்கிறது. ஒரே ஓர் இழையை இரண்டு மடங்கு நீளத்தில் எடுத்து நடுவில் மடியுங்கள். வெட்டிய இரு முனைகளையும் ஊசியில் கோத்தால் மறுமுனையில் ஒரு வளையம் நிற்கும். அடியிலிருந்து ஊசியை மேலே கொண்டுவந்து, வளையத்தைக் கொஞ்சம் அடியிலேயே விட்டுவைத்து, முதல் அரைத் தையல் (பெருக்கல் குறியின் ஒரு கோடு) போட்டுக் கீழே இறக்குங்கள். இறங்கிய ஊசியை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்தால் கச்சிதமாகப் பூட்டிக்கொள்ளும். முடிக்கும்போது, பின்பக்கம் நாலைந்து தையலுக்கு அடியில் நூலை நுழைத்து வெட்டிவிட்டால் போதும்.

ஒவ்வொரு பெருக்கல் குறியிலும் மேலே விழும் தையல் எல்லாம் ஒரே பக்கம் சாய வேண்டும். இந்த நூலுக்கு ஒரு மினுமினுப்பு உண்டு. சாய்வு மாறினால் வெளிச்சம் வேறு மாதிரி விழும், ஒரே பச்சை இரண்டு பச்சையாகத் தெரியும். அக்கா பாதியும் தங்கை பாதியும் தைத்த படங்களில் இதைக் கண்டுபிடிக்கலாம், யார் எந்த இலை போட்டார்கள் என்று சொல்லிவிடலாம்.

எண்ணிக்கை தவறாமலிருக்க, பத்துப் பத்துக் கட்டத்துக்கு ஒரு கோடாகச் சாதாரணத் தையல் நூலால் ஓட்டுத் தையல் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். அந்த நூல் வெளிர் நிறமாக இருக்கட்டும், கருஞ்சிவப்பு என்றால் உருவும்போது துணியில் தூசி விட்டுப்போகும். நடுவிலிருந்து தையுங்கள். சுற்றுக் கரையைக் கடைசிக்கு வையுங்கள், ஒரு கட்டம் பிசகினால் அதன் இரு முனைகளும் சந்திக்காது. பிசகியதெல்லாம் பிரித்தே ஆகவேண்டும் என்பதில்லை. இலையில் ஒரு கட்டம் கூடினால் செடிக்கே தெரியாது. முகம், எழுத்து, கரை இந்த மூன்றில் மட்டும் இரக்கம் காட்டாமல் பிரியுங்கள், பிரித்த நூலை மறுபடி கோக்காதீர்கள்.

பின்பக்கமும் முன்பக்கம்போல் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கர்நாடகத்துக் கசூதி பூவேலையில் கவந்தி, முர்கி என்ற தையல்கள் இரு பக்கமும் ஒன்றாகவே விழும், அவற்றின் அமைப்பே அப்படி. சாதாரணக் குறுக்குத் தையலின் அமைப்பு அது அல்ல. பின்பக்கத்தில் பார்க்கவேண்டியது ஒன்றுதான்: நாலைந்து கட்டத்துக்கு மேல் அடர் நிற நூலைத் தாண்டவிடாதீர்கள், வெள்ளைத் துணியில் அது நிழலாகத் தெரியும். தைக்கும்போது துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையமான பிரேமும் கட்டாயமில்லை. நீலகிரித் தோடர்கள் பிரேம் இல்லாமல், வரைந்துகொள்ளாமல், துணியின் இழையை எண்ணியே சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்கிறார்கள். பிரேம் மாட்டினால் எழுந்து போகும்போது கழற்றிவிடுங்கள். இரவு முழுக்க மாட்டிவைத்தால் வளையத் தடம் விழும், அதில் கை அழுக்கும் சேர்ந்துவிட்டால் போகவே போகாது. ஊசியையும் துணியில் குத்திவைக்காதீர்கள். கடற்கரை ஊர்களில் சில நாளிலேயே துருப்பிடிக்கும், துருக்கறை நிரந்தரம். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு உட்காரக்கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

முதல் வேலைக்கே பெரிய பிள்ளையார் படம் வாங்குவதும் ஒரு தவறுதான். 200க்கு 280 கட்டம் முழுக்க நிரப்பினால் 56,000 தையல், ஒவ்வொன்றுக்கும் ஊசி நான்கு தடவை துணியைக் கடக்க வேண்டும். பாதியில் பீரோவுக்குள் போய்விடும். 50க்கு 50 எடுங்கள், 2,500 தையலில் முடிந்துவிடும். முடித்த சந்தோஷம் கைக்குக் கிடைத்தால்தான் அடுத்ததில் ஆசை வரும்.

முடித்ததும் துவைக்க வேண்டும். ஆறின தண்ணீர், இரண்டு சொட்டு மென்மையான திரவ சோப்பு, அவ்வளவே. வெளுப்பான் கலந்த சலவைத் தூள் வேண்டாம். சிவப்பு கசிய ஆரம்பித்தால் பதறாதீர்கள், ஆனால் காயவும் விடாதீர்கள். தண்ணீர் தெளிவாக வரும்வரை குழாயடியில் அலசிக்கொண்டே இருங்கள். கசிந்த சாயம் காய்ந்து, மேலே இஸ்திரியும் போட்டுவிட்டால் அது துணியின் சொந்த நிறமாகிவிடும். கல் உப்பும் வினிகரும் சாயத்தை நிறுத்தும் என்பதை நம்பி இறங்காதீர்கள். தண்ணீரில் அழியும் நீலப் பேனாவால் குறித்திருந்தால், அது முழுக்கப் போன பிறகே இஸ்திரிப் பெட்டியைத் தொட வேண்டும். சூடு பட்டால் நீலம் நிலைத்துவிடும். கெட்டியான துண்டின் மேல் படத்தைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கமாகத் தேய்த்தால் தையல் நசுங்காது.

கடைசியாகச் சட்டம். கண்ணாடி தையலைத் தொடக்கூடாது, நம் ஈரக்காற்றுக்கு உள்ளே பூஞ்சை பிடிக்கும். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி இருக்க, படத்தைச் சுற்றி வரும் ஒரு மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் "பசை போட்டு ஒட்டிடலாம் மேடம், நல்லா டைட்டா நிக்கும்" என்பார். ஒட்டினால் சில வருடத்தில் பசை மஞ்சளாகி முன்பக்கம் வரும், உரித்தெடுக்கவும் முடியாது. துணியை அட்டைமேல் இழுத்து, பின்னால் கெட்டி நூலால் இடமும் வலமும், மேலும் கீழுமாகக் குறுக்கே கட்டி நீங்களே கொண்டுபோங்கள். ஆரம்பத்தில் விட்ட மூன்று அங்குல ஓரம் இதற்குத்தான். சட்டமும் கண்ணாடியும் மட்டும் அவர் போட்டால் போதும்.